பதினேழாம் நம்பர் சாமந்தி

செஞ்சி,
27-10-1968

அன்புள்ள மாமா அவர்களுக்கு, உங்கள் அக்கா மகள் ஷரீஃபுன்னிசா ஸலாம் சொல்லி எழுதுவது. இங்கே அத்தாவும் அம்மாவும் நானும் அல்லாஹ்வின் அருளால் நன்றாக இருக்கிறோம். அம்மாவுக்கு மட்டும் முழங்கால் வலி. மழை வரும்போது அதுவும் கூடவே வருகிறது. உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது? பண்ணைச் சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா?

நீங்கள் கிருஷ்ணகிரி பஸ்ஸில் கொடுத்தனுப்பிய கூடை நேற்றுச் சாயங்காலம் வந்து சேர்ந்தது. கண்டக்டர் அதைப் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் இறக்கி வைத்திருந்தார். ஈரச் சாக்கைப் பிரித்தால் உள்ளே சாமந்திக் கன்றுகள்! மொத்தம் பதினொன்று. அதில் ஒன்றுக்கு ஒரே வேரிலிருந்து இரண்டு தண்டுகள். கடிதம் எங்காவது இருக்கும் என்று சாக்கை உதறி உதறிப் பார்த்தேன். வீடெல்லாம் மண்ணானதுதான் மிச்சம்.

"நோன்பு வருதே, தம்பி பேரீச்சம்பழம் அனுப்புவான்னு பார்த்தா வேரும் மண்ணும் அனுப்பி இருக்கறான்" என்று அம்மா சிரித்தார். பிறகு, "அவன் சும்மா அனுப்ப மாட்டானே" என்றார். அதன்பின் சிரிக்கவில்லை.

அரிகிருஷ்ணன் ஐயா சாமந்தியை வளர்த்து ஆராய்ச்சி செய்கிற பண்ணையில் வேலை பார்க்கும் நீங்கள், சாமந்தியை எதற்குச் செஞ்சிக்கு அனுப்ப வேண்டும்? எனக்கு ஒன்றும் புரியவில்லை. உடனே எழுதுங்கள்.

உங்கள் பதிலுக்காகத் தபால்காரரை எதிர்பார்க்கும்,
ஷரீஃபா

*

தென்பெண்ணை மலர்ப் பண்ணை,
2-11-1968

அன்பு ஷரீஃபாவுக்கு, மாமா உமர் பாரூக் எழுதுவது. நான் சுகமாக இருக்கிறேன். அக்காவின் முழங்காலுக்கு நல்லெண்ணெய் சூடு செய்து தேய்த்துவிடு.

கடிதம் வைக்காதது என் தவறு. கூடையைக் கட்டும்போது பக்கத்தில் ஆள் இருந்தார்கள். விஷயம் இதுதான். அரிகிருஷ்ணன் ஐயா சீக்கிரம் பூக்கும் சாமந்தியையும் தாமதமாகப் பூக்கும் சாமந்தியையும் சேர்த்து விதை எடுத்தார். அந்த விதையில் முளைத்த இருநூறு செடிகளும் ஆளுக்கொரு நாளில் பூத்தன. சில கார்த்திகையில், சில தையில், சில மாசியில். அதில் பதினேழாம் நம்பர் சரியாகப் பொங்கலுக்குப் பூத்தது. இருபத்துமூன்றாம் நம்பர் அதன் தங்கை மாதிரி. அதே இலை, அதே மஞ்சள். ஆனால் மாசியில்தான் பூக்கும்.

போன வருஷம் தீபாவளி முடிந்ததும் பதினேழின் வேர்க்கன்றுகளை இரண்டு பாத்தியில் நட்டேன். ஆபீஸ் பக்கம் நாற்பது, எங்கள் குடியிருப்புப் பக்கம் நாற்பது. ஆபீஸ் பக்கம் பொங்கலுக்குப் பூத்தது. எங்கள் பக்கம் மாசியில் பூத்தது. நான் இருபத்துமூன்றைக் கலந்துவிட்டேன் என்கிறார் ஐயா. அன்றிலிருந்து நான் நடும்போது பண்ணை மேஸ்திரி பெரியதம்பி பின்னால் நின்று ஒவ்வொரு கன்றையும் சரிபார்க்கிறான். தை மாதக் கடைசியில் நிரந்தரம் ஆகிறவர்களின் பட்டியல் போடுவார்கள். அதில் என் பெயர் வருவதும் வராததும் இதைப் பொறுத்தது.

எங்கள் பக்கத்துச் செடிகளைப் பிடுங்கி எருக்குழியில் போட்டார்கள். ஏழெட்டை எடுத்து டப்பாவில் வளர்த்தேன். அவற்றின் கன்றுகள்தாம் நீ வாங்கியவை. இங்கே நட்டால் நான் ஏதோ செய்தேன் என்பார்கள். நீ நட்டுப் பார். பொங்கலுக்குப் பூத்தால் பதினேழு. மாசியில் பூத்தால் இருபத்துமூன்று.

அக்காவிடம் இதையெல்லாம் விவரிக்க வேண்டாம்.

அன்புடன்,
பாரூக்

*

செஞ்சி,
10-11-1968

அன்புள்ள மாமாவுக்கு, எங்கள் எல்லோருடைய ஸலாமும். எண்ணெய் தேய்த்ததில் அம்மா நேற்றிலிருந்து நொண்டாமல் நடக்கிறார். உங்களுக்குச் சளி பிடிக்காமல் இருக்கிறதா?

உங்கள் கடிதம் வந்தபோது அம்மா பக்கத்திலேயே இருந்தார். "படி" என்றார். நடுவில் நான் ஒரு வரியைத் தாண்டினேன். "எச்சில முழுங்கிட்டுப் படிக்கறே. இன்னாத்த வுட்டே?" என்று கேட்டுவிட்டார். கடைசி வரியைத் தவிர எல்லாவற்றையும் படித்துவிட்டேன். மன்னியுங்கள்.

"கலக்கலைன்னு அல்லா மேல ஆணையா ஒரு வரி எழுதச் சொல்லு. எனக்கு அது போதும்" என்கிறார் அம்மா. எழுதிவிடுங்கள் மாமா.

கன்றுகளை நட்டுவிட்டேன். இரட்டைத் தண்டு இருந்ததை வேரோடு இரண்டாகப் பிரித்தேன். அதனால் பன்னிரண்டு ஆயிற்று. கிணற்றோரம் ஒன்று முதல் ஆறு வரை. அடுப்படித் தாழ்வாரத்தின் ஓரம் ஏழு முதல் பன்னிரண்டு வரை. பிரித்ததில் ஒரு பாதி நான்காம் நம்பர், மறு பாதி ஒன்பதாம் நம்பர். பழைய கணக்கு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன்.

ஒரு சந்தேகம். நூலகப் புத்தகத்தில் ஒரு பாதிரியார் பட்டாணிச் செடிகளை வைத்துப் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் எல்லாம் எண்ணியிருக்கிறார். அதில் நெட்டை இருக்கிறது, குட்டை இருக்கிறது. நடுவில் ஒன்றும் இல்லை. உங்கள் சாமந்தியில் மட்டும் ஏன் இருநூறு விதமான நாள்? சீக்கிரம் பூக்கும் அம்மாவுக்கும் தாமதமான அப்பாவுக்கும் பிறந்தால் எதைக் கேட்டு நடக்கும்? "நான் எல்லாவற்றுக்கும் தாமதம் என்கிறீர்களே, யாரைப் போலப் பிறந்தேன்?" என்று அம்மாவைக் கேட்டேன். "சந்தேகம் வேறயா? உங்கத்தா நிக்காவுக்கே கடைசி பஸ்ஸுலதான் வந்தாரு" என்றார். அத்தா செய்தித்தாளை இன்னும் உயர்த்திப் பிடித்துக்கொண்டார்.

அந்த ஒரு வரிக்காகக் காத்திருக்கும்,
ஷரீஃபா

*

தென்பெண்ணை மலர்ப் பண்ணை,
19-11-1968

அன்பு ஷரீஃபாவுக்கு, மாமாவின் ஸலாம். இங்கே நல்ல மழை. நான் நலம்.

கன்று ஒரு சாண் உயர்ந்ததும் நுனியைக் கிள்ளிவிடு. பக்கக் கிளை வரும். பாத்திரம் கழுவிய தண்ணீரை ஊற்றாதே. வேரில் நீர் தேங்கக் கூடாது. மொட்டு வைத்த நாள், பூ விரிந்த நாள் இரண்டையும் தனித்தனியாக எழுது. உன் பட்டாணிக் கேள்வியை ஐயாவிடம் கேட்டேன். பட்டாணியின் உயரத்தை ஒரே காரணி தீர்மானிக்கிறது, சாமந்தி பூக்கும் நாளைப் பல காரணிகள் சேர்ந்து தீர்மானிக்கின்றன, அதனால்தான் இத்தனை விதம் என்றார். எனக்கு அரைகுறையாகத்தான் புரிந்தது. யார் கேட்டது என்றார். சொல்லவில்லை.

நோன்பு வருகிறது. எல்லோரும் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பாரூக்

*

செஞ்சி,
8-12-1968

அன்புள்ள மாமாவுக்கு, நோன்பு பிடித்த வாயோடு எழுதுகிறேன், அதனால் சாப்பாட்டைப் பற்றி ஒன்றும் கேட்கப் போவதில்லை. நாங்கள் நலம். உங்கள் நலத்துக்குத் தொழுகையில் கேட்டுக்கொள்கிறோம்.

கன்றுகள் எல்லாம் பிழைத்துவிட்டன. நுனி கிள்ளினேன். கிள்ளும்போது கையில் வந்த வாசனை பூவின் வாசனையாகவே இருந்தது. பூக்காமலேயே இலைக்குத் தெரிந்திருக்கிறதே என்று ஆச்சரியமாக இருந்தது. ஆடு ஒன்று பத்தாம் நம்பரைக் கடிக்கப் பார்த்தது. விரட்டிவிட்டேன்.

அம்மா மூன்று மணிக்கே எழுந்து தாழ்வாரத்துப் பல்பைப் போட்டுச் சஹருக்குச் சமைக்கிறார். சாப்பிட்டபின் பாங்கு சொல்லும்வரை அந்தப் பல்பின் கீழேயே உட்கார்ந்து படிக்கிறேன். அத்தா இந்த வருஷம் பெரிய பல்பாக வாங்கிப் போட்டிருக்கிறார். அரையாண்டுப் பரீட்சைக்கு இப்படி நான் எப்போதும் படித்ததில்லை.

மாமா, போன கடிதத்தில் வேரைப் பற்றி எழுதினீர்கள், தண்ணீரைப் பற்றி எழுதினீர்கள். அம்மா கேட்டதைப் பற்றி எழுதவில்லை. மறந்துவிட்டீர்களா? "பெருநாளைக்கு வருவான் இல்ல, நேராவே கேட்டுக்கறேன்" என்கிறார்.

நீங்கள் வரும் பஸ்ஸை எழுதுங்கள்.
ஷரீஃபா

*

தென்பெண்ணை மலர்ப் பண்ணை,
23-12-1968

அக்காவுக்கும் அத்தானுக்கும் ஷரீஃபாவுக்கும் பெருநாள் ஸலாம். லீவு கிடைக்கவில்லை. இங்கேயே தொழுதேன். பிரியாணியும் இங்கேயே கிடைத்தது. கவலை வேண்டாம்.

பாரூக்

*

செஞ்சி,
17-1-1969

அன்புள்ள மாமாவுக்கு, ஷரீஃபாவின் ஸலாம். உங்கள் கார்டு அம்மாவின் தலையணைக்கு அடியில் இருக்கிறது. ஐந்து வரி கார்டை எத்தனை முறை படிக்க முடியும் என்று தெரியவில்லை, ஆனால் படிக்கிறார். நலமா?

முதலில் நல்ல செய்தி. கிணற்றோரம் ஆறும் பூத்துவிட்டன! ஒன்றாம் நம்பர் போகியன்றே விரிந்தது. மற்றவை மூன்று நாளில் விரிந்தன. பூக்காரி சின்னப்பொண்ணு வேலிக்கு மேல் எட்டிப்பார்த்து, "இன்னா பாப்பா, கடை வைக்கப் போறியா? எனக்கு மட்டும் சொல்லு, வேற யாருக்கும் குடுத்துடாத" என்றாள். நான் குதித்தேன். பதினேழு என்று நிரூபணமாகிவிட்டது என்று நினைத்தேன்.

ஆனால் அடுப்படி ஓரத்தில் பதினோராம் நம்பர் மட்டும்தான் பூத்திருக்கிறது. ஏழு, எட்டு, ஒன்பது, பத்து, பன்னிரண்டு ஐந்திலும் கடுகளவு மொட்டுகூட இல்லை. இலை மட்டும் கருகருவென்று செழித்திருக்கிறது. இதை எப்படி எழுதுவது என்று இரண்டு நாள் குழம்பினேன். பூத்ததை மட்டும் எழுதலாமா என்றுகூட நினைத்தேன். அப்புறம் நோட்டைப் பார்த்தேன், வெட்கமாக இருந்தது. அதனால் உள்ளபடி எழுதுகிறேன். ஏழு பூத்தன, ஐந்து பூக்கவில்லை.

இதற்கு என்ன அர்த்தம் மாமா?
ஷரீஃபா

*

தென்பெண்ணை மலர்ப் பண்ணை,
23-1-1969

அன்பு ஷரீஃபாவுக்கு, நலம். நீ உள்ளபடி எழுதியதில் எனக்குச் சந்தோஷம்தான். அதற்காக வருத்தப்படாதே.

அர்த்தம் தெளிவாக இருக்கிறது. ஏழு பதினேழாம் நம்பர், ஐந்து இருபத்துமூன்றாம் நம்பர். ஒரே பாத்தியின் கன்றுகளில் இரண்டும் இருக்கிறது என்றால் பாத்தியில் கலப்பு இருந்திருக்கிறது. நட்டது நான் ஒருவன்தான். பிப்ரவரி ஒன்றாம் தேதி ஐயாவிடம் என் தவறு என்று எழுதிக் கொடுத்துவிடப் போகிறேன். அதன்பின் வைத்துக்கொள்வதும் அனுப்புவதும் அவர் இஷ்டம்.

அக்காவிடம் நீயே பக்குவமாகச் சொல். மீதிச் செடிகளை ஆட்டுக்குப் போட்டுவிடு.

பாரூக்

*

செஞ்சி,
27-1-1969
(எக்ஸ்பிரஸ் தபால்)

மாமா, ஸலாம். எல்லோரும் நலம், மற்ற விசாரிப்புகள் அடுத்த கடிதத்தில். எழுதிக் கொடுக்காதீர்கள்! தயவுசெய்து எழுதிக் கொடுக்காதீர்கள்.

உங்கள் கடிதத்தை அம்மாவிடம் சொல்லும் தைரியம் வராமல் நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தேன். நான்காம் நம்பரும் ஒன்பதாம் நம்பரும் நான் ஒரே வேரிலிருந்து பிரித்தவை. நான்கு பூத்துவிட்டது. ஒன்பது பூக்கவில்லை. ஒரே செடியின் ஒரு பாதி பதினேழாகவும் மறு பாதி இருபத்துமூன்றாகவும் இருக்க முடியாதே? ஒரே ஆளின் வலது கை அக்காவாகவும் இடது கை தங்கையாகவும் எப்படி இருக்கும்? அப்படியானால் பிறப்பில் வித்தியாசம் இல்லை. நட்ட இடத்தில்தான் ஏதோ வித்தியாசம்.

மண் ஒன்று, கிணறு ஒன்று. புகையாக இருக்குமோ என்றால் பதினோராம் நம்பருக்கும்தான் புகை. அது மட்டும் ஏன் பூத்தது? தரையில் உட்கார்ந்து அதன் உயரத்திலிருந்து பார்த்தேன். அதற்கும் தாழ்வாரத்துக்கும் நடுவில் தண்ணீர் டிரம் நிற்கிறது. டிரம் எதை மறைக்கிறது? வெயிலை மறைக்கவில்லை, வெயில் மறுபக்கம். அது மறைப்பது பல்பை மட்டும்தான்.

மற்ற மாதங்களில் எட்டு மணிக்கே பல்பை அணைத்துவிடுவோம். நோன்பு மாதம் முழுவதும் மூன்று மணியிலிருந்து விடியும்வரை எரிந்தது. நான் அதன் கீழே உட்கார்ந்து பாடம் படித்தேன். செடிகளும் கூடவே விழித்திருந்தனவோ என்னவோ. கண் இல்லாத செடிக்கு விளக்கு எப்படித் தெரியும், தெரிந்தால் ஏன் பூக்காது என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. எந்தப் புத்தகத்திலும் கிடைக்கவில்லை.

மாமா, போன வருஷ நோன்பில் உங்கள் பக்கத்துப் பாத்தியின் அருகே விளக்கு ஏதாவது எரிந்ததா?

அவசரத்தில்,
ஷரீஃபா

*

தென்பெண்ணை மலர்ப் பண்ணை,
12-2-1969

அன்பு ஷரீஃபாவுக்கும் அக்காவுக்கும் ஸலாம். நான் நலம். பதில் தாமதமானதற்குக் காரணம் இருக்கிறது.

உன் எக்ஸ்பிரஸ் தபால் ஒரு சுற்றுச் சுற்றி இரண்டாம் தேதி வந்தது. முதல் தேதியே நான் எழுதிக் கொடுத்துவிட்டேன்.

விளக்கு எரிந்தது. அறைக்குள் சமைத்தால் புகை மூச்சை அடைக்கிறது என்று போன வருஷ நோன்பில் வெளியே அடுப்பு வைத்தோம், நானும் வாட்ச்மேன் பீர் முகமது பாயும். பம்ப் ஷெட்டிலிருந்து கம்பி இழுத்து வேப்பங்கிளையில் நூறு வாட் பல்பு தொங்கவிட்டோம். யாரிடமும் கேட்கவில்லை. நோன்பு முழுவதும் இரண்டரை மணியிலிருந்து பாங்குவரை எரிந்தது. கிளைக்கு நேர் கீழே பாத்தி. இந்த வருஷம் அந்தப் பாத்தியைச் சும்மா போட்டிருப்பதால் எங்களுக்கு எதுவும் கண்ணில் படவில்லை.

இதைச் சொன்னால் கம்பி இழுத்ததைச் சொல்ல வேண்டும். ஒரு நாள் முழுவதும் யோசித்தேன். பிறகு இன்னொரு காகிதம் எழுதி, உன் நோட்டுக் கணக்கையும் வைத்து, ஐயாவிடம் கொண்டுபோனேன். அவர் இரண்டு காகிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "முதல் தேதி கலந்துட்டேன்னு எழுதறே. அஞ்சாம் தேதி விளக்குன்னு எழுதறே. பத்தாம் தேதி இன்னாய்யா, ஜின்னு வந்துச்சுன்னு எழுதுவியா?" என்றார். பெரியதம்பி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான்.

பிறகு அவரே எழுந்து பாத்திக்குப் போய் வேப்பங்கிளையை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார். ஆபீஸ் பக்கம் பூத்து முடிந்ததும் வெட்டிவிட்ட பதினேழில் புதுத் தளிர் வந்திருக்கிறது. இனி அதில் ஒரு பாதிக்கு மட்டும் இரவில் விளக்கு எரியும், மறு பாதியில் வெளிச்சம் படாமல் நடுவில் தார்ப்பாய் கட்டச் சொன்னார். "மொட்டு சொல்லட்டும்" என்றார். பட்டியல் அதுவரை நிற்காது.

பாரூக்

*

செஞ்சி,
2-3-1969

அன்புள்ள மாமாவுக்கு, பக்ரீத் பெருநாள் ஸலாம். நாங்கள் நலம். குர்பானிக் கறி உப்புக்கண்டமாக உங்களுக்காகக் காய்கிறது.

அடுப்படி ஓரத்து ஐந்தும் பூத்துவிட்டன, சரியாக ஒரு மாதம் கழித்து. ஒன்பதாம் நம்பர் பூவையும் காய்ந்த நான்காம் நம்பர் பூவையும் அருகருகே வைத்துப் பார்த்தேன். வித்தியாசமே இல்லை.

எனக்குக் குழப்பம் தீரவில்லை மாமா, அதிகமாகிவிட்டது. பூக்கும் நாள் பிறப்பிலேயே இருக்கிறது என்றீர்கள். பதினேழும் இருபத்துமூன்றும் அதனால்தான் வேறு வேறு. சரி. ஆனால் ஒரு பல்பு போட்டால் பதினேழு இருபத்துமூன்றைப் போல நடந்துகொள்கிறது. அப்படியானால் பிறப்பில் இருப்பது நாளா, நாளை எண்ணும் பழக்கமா? இருட்டைத்தான் எண்ணுகிறதா? இதை ஐயாவிடம் கேளுங்கள். இந்த முறை யார் கேட்டது என்று சொல்லலாம்.

இன்னொரு குழப்பம். நீங்கள் கலக்கவில்லை. அப்படியிருக்க அம்மா கேட்ட ஒரு வரியை ஏன் எழுதவில்லை? அம்மா நேற்றுச் சொன்னார்: "அவன் பொய் சொல்றவன் இல்ல. அதனாலதான்டி எனக்குப் பயம் வந்துச்சு." எனக்கு இதுவும் புரியவில்லை.

இப்படிக்கு, முற்றிலும் குழம்பிப்போன,
ஷரீஃபா

*

தென்பெண்ணை மலர்ப் பண்ணை,
6-4-1969

அன்பு ஷரீஃபாவுக்கு, ஸலாம். நான் சுகம். உப்புக்கண்டத்தைப் பஸ்ஸில் அனுப்ப வேண்டாம், கண்டக்டர் பிரித்துவிடுவார். நானே அடுத்த வாரம் வருகிறேன்.

தார்ப்பாய்க்கு அந்தப் பக்கம் எல்லாச் செடியும் மொட்டு வைத்துவிட்டது. விளக்குப் பக்கம் ஒன்றும் இல்லை. ஐயா பதிவேட்டை எடுத்து, என் பெயருக்கு நேரே இருந்த 'கலப்பு' என்ற வார்த்தையை அடித்துக் கையெழுத்துப் போட்டார். உன் கேள்வியைப் படித்துக் காட்டினேன். நாளா, எண்ணும் பழக்கமா என்ற இடத்தில் நிறுத்தச் சொல்லி அதை எழுதிக்கொண்டார். அவருக்கும் குழப்பம்தான் என்று நினைக்கிறேன்.

கேட்காமல் கம்பி இழுத்ததற்காக இந்த வருஷப் பட்டியலில் என் பெயர் இல்லை. பீர் முகமது பாயின் பெயரை நான் எழுதவில்லை. அவருக்கு ஆறு பிள்ளைகள்.

அக்கா கேட்ட வரியைப் பற்றி. போன வருஷம் நடுகிற அன்று என் பக்கத்தில் இரண்டு தட்டில் கன்று இருந்தது. பதினேழு ஒன்றில், இருபத்துமூன்று ஒன்றில். காய்ச்சலோடு நட்டேன். எந்தத் தட்டில் கை வைத்தேன் என்று ஐயா கேட்டபோது எனக்கு ஞாபகம் வரவில்லை. ஆணையிடு என்றால் எதைச் சொல்லி ஆணையிடுவேன்? கலந்திருப்பேன் என்றே பாதி நம்பினேன். பெரியதம்பி பின்னால் நின்றது பெரிதில்லை. அவன் போன பிறகும் நானே ஒவ்வொரு பாத்தியையும் மூன்று முறை எண்ணினேன். என் கையை நான் நம்பாமல் ஒரு வருஷம் இருந்தேன் என்பதை எப்படி எழுதுவது என்று தெரியாமல்தான் தண்ணீரையும் வேரையும் பற்றி எழுதினேன்.

அக்காவிடம் இப்போது சொல்: அல்லாஹ்மேல் ஆணையாக, நான் கலக்கவில்லை.

நேற்று புதிதாக எண்ணூறு கன்றுகள் வந்தன, பதினேழும் இருபத்துமூன்றும். பெரியதம்பியை ஐயா வேறு வேலைக்கு அனுப்பிவிட்டார். காலையிலிருந்து நான் ஒருவனே நட்டேன். பொழுது சாயும்போது முடிந்தது. கையைக் கழுவிக்கொண்டு, எண்ணிப் பார்க்காமல் அறைக்கு வந்துவிட்டேன்.

உன் அன்பு மாமா,
உமர் பாரூக்